லிஃப்ட் ஓடியதற்கு நன்றி

எங்கள் குடியிருப்பில் எட்டு மாடி, ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்டைப் பழுது பார்க்கிறவர் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். இந்தக் கட்டடத்திலேயே லிஃப்ட் தேவைப்படாத ஆள் லிஃப்ட்காரர்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவருக்கு அந்தக் கேலி பிடிக்காது. அவருக்குப் பிடிக்காதது எத்தனையோ உண்டு. கதவை அறைந்து சாத்துகிறவர்களைப் பிடிக்காது. ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்களைப் பிடிக்காது. அரைகுறையாக நடந்த வேலைக்குக் கை தட்டுகிறவர்களைக் கண்டால் அறவே பிடிக்காது.

நான் மூன்றாம் மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கிறவன். வெளிச்சத்துக்காக வாசல் கதவைத் திறந்து வைத்துத்தான் தைப்பேன். படி ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கிற இடம் என் வாசல். அதனால் இங்கே யார் என்ன பேசினாலும் பாதி என் காதில் தானாக விழும். மீதியை நானே கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

லிஃப்ட்காரர் இந்தக் கட்டடம் எழும்பும்போது ஒயர் இழுக்கிற கூலியாளாக வந்தவர். லிஃப்ட் பொருத்த வந்தவர்கள் கூடவே நின்று, அவர்கள் திட்டத் திட்ட வேலையைக் கற்றுக்கொண்டார். அப்புறம் வீட்டு வசதி அலுவலகத்தில் மெக்கானிக் வேலை நிரந்தரமாகி, சுற்றியிருக்கிற நாலைந்து குடியிருப்புகளின் லிஃப்டும் அவர் பொறுப்பில் வந்தது. ஒல்லியான ஆள். கண்ணாடி கயிற்றில் தொங்கும். கை எப்போதும் கிரீஸ் வாசம் அடிக்கும். அவருடைய நல்ல சட்டை ஒன்றை நான்தான் தைத்தேன். அதை அவர் கல்யாணங்களுக்குக்கூடப் போட மாட்டார். ஓட்டுப் போடும் நாளில்தான் இஸ்திரி போட்டு வெளியே எடுப்பார்.

வரிசையில் முதல் ஆளாக நிற்பார். திரும்பி வரும்போது மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியவர் மாதிரி முகம் இருக்கும். யாருக்கு அண்ணே போட்டீங்க என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"இருக்கிறதுல கொஞ்சம் கம்மியா மோசமானவருக்கு."

அப்புறம் என் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"கழிவுநீர்க் குழாய் உடைஞ்சப்ப ஒரு மாசம் கழிச்சு நம்ம தொகுதி உறுப்பினர் வந்து எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்ததுக்கே நம்ம ஆளுங்க கை தட்டினாங்க. பரீட்சை ஹாலுக்கு வந்து உக்காந்ததுக்கே மார்க்கு. எதிர்த்து நிக்கிற ரெண்டு பேரு அதைக்கூட எட்டிப் பார்க்கல. அதனால இவர் நல்லவராம். பாஸ் மார்க் வாங்கினவனுக்குப் பரிசு குடுத்தா, அடுத்த வருஷம் எவன் படிப்பான், டெய்லரே? நம்ம அளவே சுருங்கிப்போச்சு."

"அளவு சுருங்கினா துணி மிச்சம்தானே அண்ணே" என்பேன்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்று எழுந்து போய்விடுவார். கோபம் மூக்கு நுனியில் இருந்தாலும் அவர் சொல்வதில் ஞாயம் இருக்கும். அதுதான் கேட்கிறவர்களுக்கு எரிச்சல்.

லிஃப்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாடிக் கதவிலும் உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. கதவு சரியாகச் சாத்தியிருந்தால் தகடும் தகடும் தொட்டுக்கொள்ளும், லிஃப்ட் நகரும். எட்டுக் கதவில் ஏதாவது ஒன்றில் தொடாமல் போனால் நின்றுவிடும். "நிக்கும், விழாது" என்பது லிஃப்ட்காரர் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். தகடுகள் தேய்ந்துவிட்டன. கதவுகளையும் மேலே இருக்கிற கன்ட்ரோல் பெட்டியையும் மாற்றினால்தான் லிஃப்ட் ஒழுங்காக ஓடும். அதைக் கேட்டுக் கேட்டு அவர் நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். பார்க்கலாம் என்பதற்கு மேல் அலுவலகத்தில் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

தகடுகளைச் சுரண்டி, வளைத்து வைத்தால் இரண்டு மூன்று மாதம் ஓடும். ஆனால் அதைச் செய்ய அவருக்கு மனசு வராது. "பூசி மெழுகி ஓட்டிக் காட்டினா, அதான் ஓடுதேன்னு புதுக் கதவே தர மாட்டாங்க" என்பார். அதனால் லிஃப்ட் நிற்கும். மாதக்கணக்கில் நிற்கும். நாங்கள் படி ஏறுவோம்.

பிறகு தேர்தல் வரும். உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுவார். மேலதிகாரி லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு எப்படியாவது ஓட வை என்பார். இவர் முணுமுணுத்துக்கொண்டே மொட்டை மாடி மெஷின் அறைக்கு ஏறுவார். வேண்டா வெறுப்பாகச் செய்தாலும் அவர் கை வேலையில் குறை வைக்காது. ஓட்டு எண்ணி முடிந்து, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் லிஃப்ட் மக்கர் பண்ணாமல் ஓடும். கட்டடத்து வாசலில் பேனர் ஏறும். "லிஃப்டை ஓட வைத்த எங்கள் உறுப்பினருக்கு நன்றி. இப்படிக்கு, குடியிருப்போர்." துணி பேனர் அது. பல தேர்தலாக அதே பேனர்தான். காவலாளி அறையில் மடித்துக் கிடக்கும். வருஷத்தின் மேல் மட்டும் புதுத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுப்பது என் வேலை.

லிஃப்ட்காரரின் அக்கா ஏழாம் மாடியில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து, ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத் தேறியவர். கணவர் இல்லை. லிஃப்ட் ஓடினால் சாயங்காலம் இறங்கி வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசுவார். அவருக்கு ஊர் உலகம் என்பது அந்தப் பெஞ்சுதான். லிஃப்ட் நின்றால் அதுவும் கிடையாது. தம்பி காலையிலும் சாயங்காலமும் சாப்பாட்டுத் தூக்கோடு ஏழு மாடி ஏறி இறங்குவார். கீழே வந்து தங்கிக்கொள் என்றால் அக்கா கேட்க மாட்டார். தன் வீட்டில் தன் இஷ்டப்படி இருக்க வேண்டும் அவருக்கு.

போன தேர்தல் முடிந்த சமயம், அக்காவின் ரவிக்கைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். தம்பியும் இருந்தார்.

"யாருக்குக்கா போட்ட?"

"உறுப்பினருக்குத்தான். லிஃப்டை ஓட வச்சாரே."

"ஓட வச்சது நான்க்கா."

"நீ எப்பவும்தான் கீழே இருக்க. அவர் சொன்னாத்தானே உனக்குக் கை ஓடுது."

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். லிஃப்ட் ஓடியும் அதில் ஏறாமல் லிஃப்ட்காரர் என்னோடு படியிலேயே இறங்கி, ஐந்தாம் மாடியில் நின்று, "கேட்டியா டெய்லரே" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். அந்தப் பேச்சு அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தத் தடவை தேர்தல் அறிவிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, யாரும் சொல்லாமல், அவராகவே விடுப்பு எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்கு ஏறினார். பக்கத்துக் குடியிருப்பில் கழித்துப் போட்ட லிஃப்டிலிருந்து தேறின தகடுகளைப் பொறுக்கி வைத்திருந்தார். எட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். சாயங்காலம் லிஃப்ட் மூன்றாம் மாடியில் வந்து நின்று கதவு திறந்தபோது உள்ளே அவர் மட்டும் இருந்தார், சட்டையெல்லாம் கரி.

"என்ன அண்ணே, அதுக்குள்ள உத்தரவு வந்துடுச்சா?"

"யாரும் உத்தரவு போடல. அதுக்குத்தான் இப்பவே செஞ்சேன். இந்தத் தடவை யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்ல. எங்க அக்கா ஒருத்தியாவது லிஃப்டுக்காக ஓட்டுப் போடாம, ஆளைப் பார்த்துப் போடட்டும்."

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அக்காவைத் தானே கீழே அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

மறுநாள் காலையில் ஐந்தாம் மாடி மாமா பேனரோடு என் வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்ற கணக்கர், குடியிருப்போர் சங்கத் தலைவர். எங்கள் எல்லோருக்கும் மாமா.

"வருஷத்தை மாத்திக் குடுப்பா."

"மாமா, லிஃப்ட்கார அண்ணன் தானா ரிப்பேர் பண்ணினார். தேர்தலே இன்னும் அறிவிக்கல."

"அறிவிக்கலைன்னா என்ன? லிஃப்ட் ஓடுதே. அப்ப அறிவிக்கப் போறாங்கன்னு அர்த்தம்."

அவருடைய கணக்கில் பிசகே இல்லை. நானும் தைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமே தேர்தல் அறிவிப்பும் வந்தது. மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

லிஃப்ட்காரர் வேலையிலிருந்து திரும்பும்போது பேனர் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. கீழே நின்று கண்ணாடியை மாட்டிப் படித்தார். பிறகு மாமாவின் கதவைத் தட்டினார். நானும் பின்னாலேயே போனேன். இதையெல்லாம் விட்டுவிட்டு எனக்குத் தையல் ஓடாது.

"யாரைக் கேட்டு மாமா கட்டினீங்க? அந்த மனுஷருக்கு இது ஓடுறதே தெரியாது. நான் லீவு போட்டுச் செஞ்சேன்."

மாமா உண்மையாகவே வருத்தப்பட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? கீழ உனக்கும் ஒரு வரி சேர்த்திருப்போமே. இப்பவும் கெட்டுப் போகல, இடம் இருக்கு."

"எனக்கு வரி வேணாம்."

"பின்ன, யாருக்காவது நன்றி சொல்லித்தானேப்பா ஆகணும்?"

"ஏன் சொல்லணும்? வாடகை குடுக்கிறோம், லிஃப்ட் ஓடணும். இதுல நன்றி எங்கே வந்துச்சு?"

மாமா அவரைக் காய்ச்சல்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "போய்ப் படுப்பா, களைப்பா இருக்கே" என்று கதவைச் சாத்தினார்.

உறுப்பினர் ஓட்டுக் கேட்க வந்த நாளில் பேனரைப் பார்த்து ஒரு நொடி நின்றார். உதவியாளரிடம் குனிந்து ஏதோ கேட்டார். உதவியாளர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் மாமா கூட்டத்தோடு வந்துவிட்டார். உறுப்பினர் மோசமான மனிதர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். யார் வீட்டுத் துக்கத்துக்கும் வருவார், யார் பெயரையும் மறக்க மாட்டார், எந்த வேலையையும் முடிக்க மாட்டார். "சொன்னதைச் செஞ்சேன், இனியும் செய்வேன்" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். லிஃப்ட்காரர் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மற்ற இரண்டு வேட்பாளர்களில் ஒருவர் துண்டறிக்கை மட்டும் அனுப்பினார், இன்னொருவர் பெயரே எங்களில் பல பேருக்குத் தெரியாது.

ஓட்டு நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் அக்காவை அழைத்துப் போனார். எதிர்ப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. ஊன்றுகோலோடு அந்தத் தூரத்தை நடப்பது அக்காவுக்குப் பெரிய காரியம். நானும் ஒரு கை பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா தானாகவே சொன்னார்.

"அவருக்குத்தான் போட்டேன்."

"அக்கா, நான்தான் ரிப்பேர் பண்ணேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்டா. ஆனா மத்த ரெண்டு பேரு ஒண்ணுமே செய்யலையே."

"இவரும்தான் ஒண்ணும் செய்யல."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "செஞ்சேன்னு சொல்லிக்கவாவது வந்தார் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. லிஃப்ட்காரர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கண் கலங்கியிருந்தது அவருக்கு. தோற்றது தேர்தலில் நின்றவர்கள் யாருமில்லை, இவர்தான் என்று தோன்றியது.

உறுப்பினர் ஜெயித்தார். சில வாரம் கழித்து நாலாம் மாடிக் கதவில் தகடு நழுவி லிஃப்ட் நின்றது. லிஃப்ட்காரர் தொடவில்லை. "எவராவது ஒருத்தர் வந்து கேக்கட்டும், உடனே செய்யறேன்" என்று என்னிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் எல்லோரும் படி ஏறினார்கள். மாமா தாண்டினார், பால் பாக்கெட்காரர் தாண்டினார், கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு ஆறாம் மாடிப் பெண் தாண்டினார். நின்ற லிஃப்டை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேனர் மடிந்து காவலாளி அறைக்குப் போனது.

அக்காவும் கேட்கவில்லை. தம்பி தினமும் தூக்கோடு ஏறி வருகிறார், மூச்சிரைக்க எதிரில் உட்காருகிறார். அக்கா சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார், மழை வருமா என்று கேட்கிறார், லிஃப்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் இவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"லிஃப்ட் நின்னு எத்தனை நாளாச்சு, ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல? பெஞ்சுக்குப் போகணும்னு உனக்குத் தோணலையா?"

"தோணாம என்ன. தேர்தல்தான் முடிஞ்சு போச்சேடா."

அதை அவர் என் வாசல் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னார். வெறும் தூக்கு மடியில் இருந்தது. எப்போதும் போல உறுப்பினரைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"இவங்களை இப்படிப் பழக்கினது நான்தான் டெய்லரே. அவர் எப்பப் போன் போடறாரோ அப்ப மட்டும் ஓட்டிக் காட்டினேன். மத்த நாள்ல புதுக் கதவு வரட்டும்னு வீம்பா உக்காந்திருந்தேன். எனக்கு அது கொள்கை. அக்காவுக்கு அது ஏழு மாடி. லிஃப்ட்னா தேர்தலுக்கு வர்ற பொருள்னு அவ மனசுல பதிஞ்சு போச்சு. கேக்கவே தோணாத ஆளுகிட்ட, நல்ல ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுன்னா எப்படிப் போடுவா?"

மெஷினை நிறுத்திவிட்டு அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்த கையோடு நாலாம் மாடிக் கதவைக் கழற்றினார். லிஃப்ட் ஓடியது. எல்லோரும் வீடு திரும்பிப் படி ஏறும் நேரத்தில் அது கீழே வந்து கதவைத் திறந்ததும் கூடியிருந்தவர்கள் தயங்கினார்கள். ஆறாம் மாடிப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "என்ன, இடைத்தேர்தலா?" என்றார். உறுப்பினருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று இன்னொருவர் கவலையாக விசாரித்தார். மாமா காவலாளி அறையிலிருந்து பேனரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நூல் தீர்ந்துபோச்சு மாமா" என்றேன். எனக்குப் பின்னால் நூல்கண்டுகள் அடுக்கியிருந்தன. மாமா அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனரோடு திரும்பிப் போனார்.

அக்கா அன்று இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன விசேஷம் என்று அவருக்கும் விளங்கவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல. சும்மா செவ்வாய்க்கிழமை. இனிமே நின்னா என்னைத் திட்டணும், அன்னைக்கே. திட்டலைன்னா தூக்கு வராது."

"தம்பியை எதுக்குடா திட்டப் போறேன்?"

"நான் உன் தம்பி மட்டும் இல்ல. இந்த லிஃப்டுக்குச் சம்பளம் வாங்குறவன்."

முதல் தடவை நின்றபோது அக்கா போனில் தயங்கித் தயங்கி, உனக்கு நேரம் இருந்தா என்று ஆரம்பித்தாராம். திட்டு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் இவர். இரண்டாவது தடவை கொஞ்சம் குரல் ஏறியது. தேய்ந்த தகடு எத்தனை நாள் தாங்கும், அது நின்றுகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் ஏறினார். ஆறாம் மாடிப் பெண்ணும் அவர் கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

போன வாரம் ஒரு மத்தியானம், ஏழாம் மாடியிலிருந்து வந்த சத்தத்தில் என் கையில் இருந்த கத்தரிக்கோல் நழுவியது.

"என்னடா வேலை பாக்குற நீ? காலையில ஓடின லிஃப்ட் மத்தியானம் நிக்குது. நான் படியில உருண்டா வரட்டும்?"

எல்லா மாடியிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த லிஃப்ட்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்தார். என் வாசலில் மூச்சு வாங்க நின்றார். திட்டு வாங்கின முகமாகவே இல்லை, வாயெல்லாம் சிரிப்பு. நான் மெஷினை விட்டுவிட்டு அவரோடு ஏறினேன்.

அக்கா ஊன்றுகோலை ஊன்றி லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"சுரண்டிச் சுரண்டித் தகடே காகிதமாயிடுச்சுக்கா. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவேன். அப்புறம் புதுக் கதவு வந்தாத்தான் உண்டு. அது என் கையில இல்ல."

"யார் கையில இருக்கு?"

"உறுப்பினர் அழுத்தமா ஒரு வார்த்தை சொன்னா அலுவலகத்துல தருவாங்க."

அக்கா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார்.

"நம்பரைச் சொல்லுடா."

இவர் சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"நான் ஏழாம் மாடியில இருந்து பேசுறேன்ங்க. உங்களுக்கு ஓட்டுப் போட்டவ. லிஃப்ட் கதவு அத்தனையும் மாத்தணும்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தம்பி கையில் ஸ்பேனரோடு அசையாமல் நின்றார்.

"இல்லைங்க" என்றார் அக்கா. "தேர்தலுக்கு இல்லைங்க. இப்ப."